காய்ச்சல் இல்லை, பண்டிகை

என்றும் என் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு,

லிஃப்ட் மெக்கானிக்காகிய உன் தம்பி, இந்தப் பண்டிகை நாளின் சாயங்காலத்தில், புதுச் சட்டையில் கிரீஸோடு உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகள் வாயாடியும் சௌக்கியம். அங்கே உன் முட்டி வலியும் அத்தானின் சர்க்கரையும் பேரப்பிள்ளைகளின் சேட்டையும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே பேசலாம்தான். ஆனால் நான் "நல்லா இருக்கியா" என்று கத்தினால் உன் காதில் விழுவதற்குள் இந்தக் கட்டடத்தில் மூன்றாம் மாடி வரைக்கும் எல்லோரும் நல்லாத்தான் இருக்கோம் என்று எட்டிப் பார்க்கிறார்கள். அதனால் வழக்கம்போல் எழுதுகிறேன். வாயாடி படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் படித்துக்கொள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குறை சொல்லும் கடிதம் இல்லை. காலையிலிருந்து உங்கள் பக்கத்திலிருந்து ஒரு போன் வரவில்லை, ஒரு வாழ்த்து வரவில்லை. அதை நான் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல நாளில் உன் வீட்டில் எள் போட்டால் விழ இடம் இருக்காது, அந்தக் கூட்டத்தில் யார் போனைத் தேடுவார்கள்? நானே கூப்பிட்டிருக்கலாம் என்று நீ கேட்பாய். நம் வீட்டில் மூத்தவர்தான் முதலில் வாழ்த்த வேண்டும், இளையவன் முந்திக்கொண்டால் மரியாதை கெட்டவன் என்று சின்ன வயதில் என் காதைத் திருகியது யார்? நீதான். அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நடுவில் சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று வேறு பார்த்தேன். தீரவில்லை. போகட்டும், விடு. நான் ஒன்றும் நினைக்கவில்லை.

நான் எழுத வந்த விஷயம் வேறு. வாயாடிக்கு இந்த நாளுக்கு லீவு வாங்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இந்த ஊரில் நம்மவர்கள் என்று பார்த்தால் நானும் அவளும்தான். அவள் அம்மா இருந்தவரை மூன்று பேர். அவள் படிப்பது அரசாங்கப் பள்ளி, அங்கே எந்தெந்த நாள் விடுமுறை என்று அச்சடித்த பட்டியல் ஒன்று ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. அதில் நம் நாள் இல்லை. இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை அக்கா, இரண்டு பேருக்காக யார் அச்சடிப்பார்கள்? கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். ஆபீஸ் கிளார்க் நல்ல மனிதர்தான். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, நெற்றியின்மேல் ஒரு கண்ணாடி, இரண்டையும் மாற்றி மாற்றி இறக்கி என் விண்ணப்பத்தைப் படித்தார். படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார், எதுக்கு இவ்வளவு பெருசா எழுதிக்கிட்டு? காய்ச்சல்னு ஒரு வார்த்தை போடுங்க, முடிஞ்சு போச்சு" என்றார். "பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லையே" என்றேன். "யாருக்குத்தான் இருக்கு? இந்த ஸ்கூல்ல கல்யாணம், காதுகுத்து, கிரிக்கெட் மேட்ச், எல்லாமே காய்ச்சல்தான். உங்க வீட்டம்மாகூட இந்த நாளுக்கு வருஷா வருஷம் காய்ச்சல்னுதான் எழுதுவாங்க" என்றார்.

எனக்கு அங்கேயே தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் நான் குதிப்பேன் என்று தெரிந்திருக்கும், மகராசி. அவள் உயிரோடிருந்தால் இன்றைக்கு ஒரு சண்டை பிடித்திருப்பேன். சண்டை பிடிக்கவும் ஆள் இல்லாத கோபத்தை யாரிடம் காட்டுவது? கிளார்க்கிடம்தான் காட்டினேன். "நல்ல நாளும் அதுவுமா என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னு என் கையால எழுதணுமா? எங்களுக்கு வந்திருக்கிறது பண்டிகை சார், நோய் இல்ல" என்று மேஜையில் ஒரு தட்டு தட்டினேன். நெற்றிக் கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கிவிட்டது. "அப்படின்னா உங்க மதப் பெரியவர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. தேதி, கையெழுத்து, சீல், மூணும் வேணும்" என்றார். கோபம் காட்டியதற்குக் கிடைத்த பலன்.

பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனேன். அங்கே நம்மவர்கள் கூடும் இடத்தின் பெரியவர் வாசலில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தியானம் என்று நினைத்துக் கைகட்டிக் காத்திருந்தேன். குறட்டை வந்த பிறகுதான் எழுப்பினேன். கடிதம் தருகிறேன், சீலும் வைக்கிறேன், தேதி மட்டும் போட மாட்டேன் என்கிறார். "நிலா தெரியாம நான் எப்படித் தம்பி தேதி போடறது? அது மொத நாள் சாயங்காலம்தான் தெரியும். இன்னைக்கோ நாளைக்கோன்னு வேணா எழுதித் தரேன்." அதை வாங்கிக்கொண்டு கிளார்க்கிடம் வந்தால், "இன்னைக்கோ நாளைக்கோன்னு லீவு போட்டா பிள்ளை வந்திருக்கா வரலையான்னு நான் எப்படிக் குறிக்கிறது? முன்கூட்டியே ஒரு தேதியச் சொல்லச் சொல்லுங்க சார் அந்த நிலாவ" என்கிறார். மறுபடி பஸ். பெரியவர், "பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நிலா வருமா?" என்கிறார். மறுபடி பஸ். இருவருக்கும் நடுவில் நான் லிஃப்ட் மாதிரி போய்ப் போய் வந்தேன். கண்டக்டர் கடைசியில் நான் எங்கே போகிறேன் என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

கடைசியில் தலைமையாசிரியை அம்மாதான் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். காலண்டரைப் பார்த்து நானே ஒரு தேதி சொல்ல, அதைப் போட்டுக் கையெழுத்திட்டார். "ஒரு நாள்தான். அப்புறம் மாத்திக் கேக்கக் கூடாது. அடுத்த நாள் கணக்குப் பரீட்சை" என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். அவர் அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனசுக்காரர், ஆகவே வாயாடியை வகுப்பின் முன்னால் நிறுத்தி உங்கள் பண்டிகையைப் பற்றிச் சொல்லு என்று சொல்லிவிட்டார். உன் மருமகளின் வாய் உனக்குத் தெரியாதா? நான் அவளுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்ன நம் வீட்டுக் கதைகளை எல்லாம் இந்த ஊருக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டாள். விடிந்ததும் வீடு நிறைய ஆள் வருவார்களாம், படிக்கட்டு வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம், செருப்பு மாறிப் போகுமாம், யார் செருப்பு யாருடையது என்று சாயங்காலம் வரை சண்டை நடக்குமாம். அவள் பக்கத்து பெஞ்சுக்காரி, "நாங்களும் வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். இவள், "ஐயோ, இடமே இருக்காது" என்று சொல்லிவிட்டாள். அதை என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு லிஃப்ட் அறைக்குப் போய், எண்ணெய் போட்ட இடத்துக்கே மறுபடி எண்ணெய் போட்டுவிட்டு வந்தேன்.

சரி, நேற்று சாயங்காலத்துக்கு வருகிறேன். நிலா பார்க்க வேண்டுமே. அங்கே உன் தெருவில் ஒருவர் பார்த்தால் ஊரே கூவிவிடும். இங்கே யார் கூவுவார்கள்? நான் வேலை பார்க்கும் இந்தக் கட்டடம்தான் இந்தப் பக்கத்தில் உயரம், மொட்டைமாடி சாவியும் என்னிடம். வாட்ச்மேனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஏறினேன். வானம் முழுக்க மேகம். பெரியவருக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். வாட்ச்மேன் நம்மவர் இல்லை, ஆனாலும் என் முகத்தைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "அதோ சார், அதோ, அந்த டேங்குக்கு மேல, மெல்லிசா" என்று கை நீட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "நல்லாப் பாத்தீங்களா?" என்றேன். "நான் ராத்திரி பூரா வானத்தப் பாக்குறவன் சார், எனக்குத் தெரியாதா?" என்றார். லீவு வாங்கிய தேதியும் மறுநாள்தானே, எல்லாம் பொருந்தி வருகிறதே என்று அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவரும் கூச்சத்தோடு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்து இனிப்பு. நீ எழுதி அனுப்பிய பக்குவம் அப்படியே இருக்கிறது. ஆனால் அக்கா, அந்த அளவு ஒரு தெருவுக்கானது. அதை இரண்டு பேருக்கு எப்படிக் குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் இரண்டே பேருக்கு யாராவது எப்போதாவது சமைத்திருக்கிறார்களா? எல்லாவற்றையும் வகுத்துப் பார்த்தேன், கடைசியில் உப்பு ஒரு சிட்டிகை என்று போட்டிருக்கிறாய், சிட்டிகையை எதால் வகுப்பது? வம்பே வேண்டாம் என்று சொன்ன அளவிலேயே கிண்டினேன். பாத்திரம் போதவில்லை, வாளியை நன்றாகத் தேய்த்து அதிலும் ஊற்றினேன். அடி கொஞ்சம் பிடித்துவிட்டது. ஆனால் வாசனை உன் வீட்டு வாசனைதான், சத்தியமாக.

காலையில் குளித்து, புதுசு உடுத்தி, இருவருமாகப் பிரார்த்தனையை முடித்தோம். பக்கத்து ஊருக்குப் போய் எல்லோரோடும் சேர்ந்து செய்திருக்கலாம். ஆனால் என் சூப்பர்வைசர் லீவு கொடுக்கும்போதே, "ஊரை விட்டு நகரக் கூடாது, லிஃப்ட் நின்னா நீதான் வரணும்" என்று சொல்லிவிட்டார். லிஃப்டுக்குக் கீழேயே ஒற்றை அறையில் குடியிருப்பவன் வேறென்ன பேரம் பேச முடியும்? வாயாடி வீட்டிலிருந்த தட்டையெல்லாம் கழுவி வரிசையாக வைத்தாள். போதவில்லை என்று டிபன் பாக்ஸ் மூடிகளையும் வைத்தாள். "யாருக்குடி இத்தனை?" என்றேன். "வருவாங்கப்பா" என்றாள். வாசற்கதவைத் திறந்து வைத்து அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தலையில் ரிப்பன் வேறு. வெளியே போகிறவர்கள் எல்லாம் இன்றைக்கு ஸ்கூல் இல்லையா என்று கேட்டுக்கொண்டே போனார்கள், பதிலுக்கு யாரும் நிற்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு லீவு வாங்கித் தந்து நான் கொடுத்தது என்ன, ஒரு ஸ்டூலும் திறந்த கதவும்தானே என்று தோன்றிவிட்டது.

ஒருவழியாக வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. அவள் எழுந்து ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்தாம் மாடி அம்மா. "லிஃப்ட் நின்னுடுச்சு, உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டு கத்துறாரு." புதுச் சட்டையோடு ஓடினேன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தது. கதவைப் பிளந்து ஆளைத் தொங்கவிட்டு இறக்கினால் கையில் பையோடு ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், வியர்வையில் குளித்திருந்தார். "உயிர் போயிருந்தா எவ்வளவு கிடைக்கும்னு உள்ள நின்னு கணக்குப் போட்டேன் சார்" என்றார். நான் கையைத் துடைப்பதற்குள் வாயாடி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அங்கிள், வாங்க, எங்க வீட்டுல சாப்பிட்டுத்தான் போகணும்." இழுத்துக்கொண்டே போய்விட்டாள். அவரும் பாவம், நடுக்கம் தீராமல் உட்கார்ந்து ஒரு தட்டு, இன்னொரு தட்டு என்று சாப்பிட்டார். அடிப்பிடித்ததைப் பற்றி மூச்சே விடவில்லை. அப்படி ஒரு பண்பு. பிறகு ரிப்பனையும் தட்டு வரிசையையும் பார்த்து, "என்ன விசேஷம் பாப்பா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நம் நாளின் பெயரைச் சொல்ல வேண்டும், அது என்ன என்று விளக்க வேண்டும், கிளார்க்கிடம் விளக்கினேனே, அதே போல. அதற்குள் அவள், "எனக்கு பர்த்டே அங்கிள்" என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று கையைத் தட்டிப் பிறந்தநாள் பாட்டைப் பாட ஆரம்பித்தார், நல்ல கட்டைக் குரல். சத்தம் கேட்டு ஐந்தாம் மாடி அம்மா வந்து சேர்ந்துகொண்டார், வாட்ச்மேன் வந்தார், குப்பை எடுக்க வந்த அக்கா வந்தார். எல்லோரும் பாடினார்கள். நானும் தட்டினேன் அக்கா. காய்ச்சல் என்று எழுத மாட்டேன் என்று மேஜையைத் தட்டிய அதே கையால் தட்டினேன். வேறு என்ன செய்யட்டும்? அறை முழுக்க ஆள் இருந்தார்கள். அவள் நடுவில் நின்று அப்படிச் சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு, "ஏண்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். திட்டவில்லை, கேட்கத்தான் கேட்டேன். "பர்த்டேன்னா எல்லாருக்கும் புரியுதுப்பா. உடனே பாடுறாங்க. நம்மளுதுன்னா நாம முதல்ல சொல்லித் தரணும், சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க கிளம்பிடுவாங்க" என்றாள். இதற்கு உனக்குப் பதில் தெரிந்தால் எழுது. அதற்குப் பிறகு போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். "அத்தை கூப்பிடலையாப்பா?" என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு உன் மேல் கொஞ்சம் கோபம் வந்தது. கொஞ்சம்தான். எனக்கில்லாவிட்டாலும் அவளுக்கு ஒரு வாழ்த்து சொல்லியிருக்கலாம். தூரத்தில் இருப்பவர்களை இப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோவார்களோ என்று நினைத்துக்கொண்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

ஆக, பண்டிகை நல்லபடியாக முடிந்தது. நீ எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் போதும். அத்தானுக்கு என் வணக்கம், இனிப்பைத் தொட விடாதே. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசியும் முத்தமும். உன் காலைத் தொட்டு வணங்கியதாக நினைத்துக்கொள், முட்டியை மட்டும் தொடவில்லை.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இப்போதுதான் பக்கத்து ஊர்ப் பெரியவர் போன் செய்தார். "நிலா தெரிஞ்சிடுச்சு தம்பி, நாளைக்குத்தான் நல்ல நாள்" என்கிறார். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். மேகமே இல்லை, குழந்தைக்குக்கூடத் தெரிகிற மாதிரி நிற்கிறது. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டு, "நேத்தும் இருந்த மாதிரிதான் சார் இருந்துச்சு" என்கிறார். அப்படியானால் நீங்கள் யாரும் மறக்கவில்லை! நாள் வரவே இல்லை, எப்படி வாழ்த்துவீர்கள்? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் வந்தது. கோபப்பட்டதற்கு நாலு அறை அறைந்துகொள்கிறேன். ஆனால் லீவு இன்றோடு தீர்ந்துவிட்டதே. மாற்றிக் கேட்கக் கூடாது என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், காய்ச்சல் என்று எழுதப் பேப்பரை எடுத்து, பேனாவையும் திறந்துவிட்டேன். வாயாடிதான் பிடுங்கிக்கொண்டாள். "வேணாம்பா, நான் ஸ்கூலுக்கே போறேன். அங்க என் கிளாஸ்ல எல்லாரும் இருப்பாங்க, பரீட்சை முடிஞ்சதும் மிஸ்ஸே விஷ் பண்ணச் சொல்லுவாங்க. வாளி இனிப்பையும் கொண்டுபோறேன். இங்க யாருப்பா இருக்கா?" என்றாள். சந்தோஷமாகச் சீருடையை எடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். அவளுக்காகத்தான் இத்தனை அலைந்தேன் என்று நினைத்திருந்தேன், அவளுக்கு நாளைக்குக் குறை ஒன்றும் இல்லை. அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் நானே படம் எடுத்து அனுப்புகிறேன். காலையில் நீ அவளை வாழ்த்தி முடித்த பிறகு, எனக்கென்று ஒன்று செய். நாளை மத்தியானம் நான் வேலைக்கு நடுவில் சாப்பிட வீட்டுக்கு வருவேன். உன் வீட்டில் எல்லோரும் பந்தியில் உட்காரும் நேரத்துக்கு எனக்கு ஒரு போன் போடு. ஒன்றும் பேச வேண்டாம், நான் பேசுவது உனக்குக் கேட்கவும் வேண்டாம். போனைத் தட்டுகளுக்கு நடுவில் எங்காவது வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் பரிமாறு. பிள்ளைகள் சண்டை போடட்டும், அத்தான் இனிப்பு கேட்டுத் திட்டு வாங்கட்டும். நான் சாப்பிட்டு முடித்ததும் நானே வைத்துவிடுகிறேன்.